தனிமைக்கு அஞ்சும் நாய்

வாயில்லாச் சீவன் என்று விலங்குகளைச் சொல்கிறோம். நாவால் எடுத்துரைக்க இயலாத ஒன்று தன் துன்பத்தை எப்படித்தான் வெளிப்படுத்தும்? கன்றைப் பிரிந்த பசு கதறும். கூண்டில் அடைபட்ட பறவை சிறகடிக்கும். நாயோ தனக்கு எட்டிய பொருளைப் பல்லால் கடித்துக் குதறும். குதறிய செருப்பையும் கிழிந்த தலையணையையும் காணும் நமக்கு அதில் குறும்பு தெரியும். சில வேளைகளில் பழிவாங்கும் எண்ணமும் தெரியும். அதற்குப் பின்னே ஒளிந்து நிற்கும் அச்சம் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. இம்மாதம் அந்த அச்சத்தைப் பற்றிப் பேசுவோம்.

திருவண்ணாமலையை அடுத்த அடி அண்ணாமலையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவரும் மனைவியும் வேலைக்குச் செல்பவர்கள், பிள்ளைகள் இருவர். மூன்று மாதங்களுக்கு முன், மலை சுற்றும் பாதையோரம் மழையில் நனைந்து கிடந்த பெண் நாயொன்றைப் பத்து வயது மகள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அதற்கு வயது ஏறத்தாழ இரண்டு இருக்கலாம். வீட்டில் ஆள் இருக்கும்போது அதைப்போன்ற சாது வேறில்லையாம். சமையற்கட்டுக்கும் கொல்லைக்கும் இவர் பின்னாலேயே நடக்குமாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகப் பூசைக்குப் புறப்பட்டாலும், வேலை நாளில் காலை ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டினாலும், திரும்பி வருகையில் ஏதேனும் ஒரு சேதம் காத்திருக்கும். நான்கு சோடிச் செருப்பு, கோரைப்பாய், மகளின் பள்ளிக்கூடப் பை, தலையணை. கடைசியாக வாசற்கதவின் நிலைக்கால். குடியிருப்பதோ வாடகை வீடு.

கணவர் வந்ததும் சேதமான பொருளைக் காட்டி நாயை அடிக்கிறார். அது தலையைக் குனிந்துகொண்டு மூலையில் ஒடுங்குகிறது. "செய்தது தவறென்று அதற்குத் தெரிகிறது, தெரிந்தே மறுநாளும் செய்கிறது" என்பது அவர் வாதம். இந்த மாத முடிவுக்குள் திருந்தாவிட்டால், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவதென்று தீர்மானித்திருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "விட்டுவிடலாமா? வைத்துக்கொள்வதென்றால் வழி என்ன?" என்று சகோதரி கேட்கிறார்.

சகோதரி, உங்கள் கணவரைக் குறைகூற நாம் முற்படவில்லை. நாளெல்லாம் உழைத்துக் களைத்து வருபவருக்கு வாசலில் பிய்ந்து கிடக்கும் செருப்பு எரிச்சலூட்டத்தான் செய்யும். எனினும் அவர் முடிவெடுப்பதற்கு முன், உங்கள் நாய்க்கு நேர்ந்திருப்பது என்னவென்று அறிந்துகொள்வது நல்லது. தக்க முறையில் பொறுமையுடன் பழக்கினால் இது பெரும்பாலும் தணியக்கூடிய துன்பமே.

கடிப்பதற்குக் காரணம் ஒன்றன்று

எல்லா நாயும் ஒரே காரணத்துக்காகக் கடிப்பதில்லை. குட்டிக்கு இருபத்தெட்டுப் பாற்பற்கள் உண்டு. நான்காம் மாதமளவில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் நாற்பத்திரண்டு நிலைப்பற்கள் முளைத்துவிடும். அக்காலத்தில் ஈறு உறுத்துவதால் குட்டி எதையும் கடிக்கும், அது இயற்கை. வளர்ந்த நாய் பசியாலும், வேலையற்ற சலிப்பாலும், வயிற்றுப் புழுவாலும், பல்வலியாலும் கடிப்பதுண்டு. இடியும் வெடியும் கேட்டு அஞ்சிக் கடிப்பதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் வேறானது, தனித்து விடப்படும்போது மட்டும் எழும் பேரச்சம். உங்கள் கடிதத்தில் காணும் அடையாளங்கள் பெரும்பாலும் இந்தக் கடைசி வகையையே சுட்டுகின்றன.

எப்படியென்று கேட்பீர்கள். முதலாவது, ஆள் இருக்கும்போது அது எதையும் தொடுவதில்லை. இரண்டாவது, அது கடித்த பொருள்களைப் பாருங்கள்: செருப்பு, தலையணை, பாய், பை ஆகிய யாவும் உங்கள் உடல் வாசனை ஊறியவை. மூன்றாவது, அது நிலைக்காலைக் கடித்திருக்கிறது. நீங்கள் வெளியேறிச் சென்ற வழி அதுதான். சலிப்பினால் கடிக்கும் நாய் வாசலைத் தேடிப் போய்க் கடிக்க வேண்டியதில்லை. உங்கள் நாய் கதவைத் திறந்துகொண்டு உங்களைப் பின்தொடர முயன்றிருக்கிறது.

ஐயமற அறிய ஒரு வழி உண்டு. வீட்டில் ஒரு கைப்பேசியை உயரமான இடத்தில் வைத்துப் படம்பிடிக்கவிட்டு வெளியே செல்லுங்கள். கதவு பூட்டிய அரைமணி நேரத்துக்குள்ளேயே நாய் மூச்சிரைத்து, எச்சில் ஒழுக்கி, கதவுக்கும் சன்னலுக்குமாக அலைந்து, ஊளையிட்டு, பிறகு கடிக்கத் தொடங்கினால் அது தனிமை அச்சமே. நன்றாக இரண்டு மணி நேரம் உறங்கி எழுந்து, சோம்பல் முறித்து, விளையாட்டாய்ச் செருப்பைக் கவ்வினால் அதற்கு வேண்டியது உடற்பயிற்சியும் விளையாட்டுமே. அந்தப் படத்தை உங்கள் கணவரும் பார்க்கட்டும். கடிந்துகொள்வதற்கு முன் அந்தச் சில நிமிடங்களை அவர் காண்பது பத்து அறிவுரைகளுக்குச் சமம்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தெருவில் பிறந்து வளர்ந்த நாய் மூடிய கதவையே அறியாது. அடி அண்ணாமலைப் பாதையிலே பகலில் கடைக்காரரும், பௌர்ணமி இரவுகளில் மலை சுற்றும் பெருங்கூட்டமும், எந்நேரமும் பிற நாய்களும் அதற்குத் துணையிருந்தன. பசி இருந்திருக்கும், கல்லெறி இருந்திருக்கும், பூட்டிய அறையின் தனிமை மட்டும் இருந்திராது. ஒருவேளை அதற்கும் முன்னால் ஏதோ ஒரு வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டதாகவும் இருக்கலாம். அவ்வாறாயின், கதவு மூடும் ஓசை அதற்கு என்ன பொருள் தரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தலை குனிவது எதனால்?

"தவறு செய்தது தெரிந்துதான் தலை குனிகிறது" என்பது உங்கள் வீட்டில் மட்டும் கேட்கும் சொல்லன்று. நாய் வளர்ப்போர் ஏறத்தாழ யாவரும் சொல்வது அது. அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் பர்னார்டு கல்லூரியைச் சேர்ந்த அலெக்சாண்டிரா ஹோரோவிட்ஸ் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார். தின்பண்டம் ஒன்றைக் காட்டி, தின்னக்கூடாதென்று நாய்க்குக் கட்டளையிட்டுவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியேறுவார். பிறகு நாய் தின்றுவிட்டது அல்லது தின்னவில்லை என்று அவரிடம் சொல்லப்படும்; சில வேளை அது உண்மை, சில வேளை பொய். தின்றதாக நம்பியவர் நாயைக் கடிந்துகொள்வார். இவ்வாறு பதினான்கு நாய்களைக் கவனித்ததில், தலை குனிவதும் பார்வையைத் திருப்புவதும் வாலை ஒடுக்குவதும் தவறு செய்ததைப் பொறுத்து அமையவில்லை. கடிந்துகொண்டதைப் பொறுத்தே அமைந்தன. ஒன்றும் தின்னாத நாயும் திட்டு வாங்கினால் குற்றவாளி போலவே நின்றது.

ஆகவே உங்கள் நாயின் தலைகுனிவை ஒப்புதல் வாக்குமூலமாகக் கொள்ள வேண்டாம். எதிரே நிற்பவரின் முகத்தையும் ஓங்கிய கையையும் கண்டு அது ஒடுங்குகிறது. காலை ஒன்பதரை மணிக்குக் கடித்ததற்கும் மாலை ஐந்து மணிக்கு விழும் அடிக்கும் உள்ள தொடர்பு அதற்கு எட்டாது. அது கற்றுக்கொள்வது வேறொரு பாடம்: இவர்கள் போனால் தனிமை வரும், திரும்பி வந்தால் அடி வரும். போவதற்கு மட்டும் அஞ்சிய நாய், இனி வருவதற்கும் அஞ்சும். அச்சம் இரட்டித்தால் கடிப்பதும் கூடுமேயொழியக் குறையாது.

மலையின் மறுபக்கத்துக் கருப்பன்

அடித்தால் என்ன ஆகும், காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் மலையிலேயே ஒரு சான்று உண்டு. 1899 முதல் 1916 வரை இரமண மகரிஷி அருணாசல மலையின் விரூபாட்ச குகையில் தங்கியிருந்தார். அக்குகைக்கு வந்து சேர்ந்த சின்னக் கருப்பன் என்னும் நாயைப் பற்றி அவரே பிற்காலத்தில் சொன்னதை ஆர்தர் ஆஸ்போர்ன் 1954இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்றில் பதிந்திருக்கிறார்.

உடல் முழுதும் கருநிறமான அந்த நாய் முதலில் யாரிடமும் ஒட்டாமல் தொலைவில் புதர்களுக்குப் பின்னே தலைகாட்டிவிட்டு மறையும். குகையிலிருந்தோர் அதைத் துரத்திப் பிடிக்க முயலவில்லை, இழுத்துக் கட்டவுமில்லை. அது இருக்கும் இடத்தருகே உணவை வைத்துவிட்டு விலகிப் போய்விடுவார்கள். நாட்கள் சென்றன. ஒருநாள் அவர்கள் மலையேறும்போது அது தானாகவே பாதையின் குறுக்கே பாய்ந்து வந்து, வாலை ஆட்டித் துள்ளி விளையாடியது. அன்றிலிருந்து குகைவாசிகளில் ஒருவனாகிவிட்டது.

அதே நாயை ஒருமுறை உடனிருந்த ஒருவர் கடிந்து அடித்துவிட்டார். குளிரும் மழையுமான இரவு அது. நாய் உள்ளே தங்க மறுத்து வெளியேறி, இரவு முழுவதும் வெளியிலிருந்த கரிமூட்டையின் மேல் படுத்துக் கிடந்தது. மறுநாள் காலையில்தான் அதை உள்ளே கொண்டுவர முடிந்தது. தன்னைத் துன்புறுத்திய ஒருவரிடம் அது மீண்டும் நெருங்குவதே இல்லையாம். அவ்வளவு மென்மையான உள்ளம் அதற்கு. மாதக்கணக்கில் சேர்த்த நம்பிக்கையை ஒரே அடி கலைத்துவிட்டது. நாய்களின் உள்ளத்தைப் பற்றி ஆய்வுக்கூடங்கள் பின்னாளில் கண்டவற்றுக்கு இம்மலைச் சம்பவம் மாறுபடவில்லை.

அச்சம் கற்றது, ஆகவே மறக்கவும் கற்கும்

1924ஆம் ஆண்டு செப்டம்பரில் ருசியாவின் லெனின்கிராடு நகரில் பெருவெள்ளம் புகுந்தது. புகழ்பெற்ற உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவின் ஆய்வுக்கூடத்து நாய்கள் கூண்டுக்குள் கழுத்தளவு நீரில் தத்தளித்துக் கடைசி நேரத்தில் மீட்கப்பட்டன. மாதக்கணக்கில் கற்றிருந்த பழக்கங்களைச் சில நாய்கள் மறந்துவிட்டன. அவற்றுள் ஒன்று நன்கு தேறிய பின், ஆய்வாளர் கதவுக்கடியில் சிறிது நீரைக் கசியவிட்டனர். உடனே பழைய கலக்கம் திரும்பியது. வெள்ளம் வடிந்துவிட்டது, அதன் அச்சம் மட்டும் நாயின் உடம்பில் தங்கிவிட்டது. உங்கள் நாய்க்குக் கதவுப் பூட்டின் ஓசை அந்த நீர்க்கசிவு போன்றது.

அதே 1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் பெண் அறிஞர் மறுபக்கத்தைக் காட்டினார். முயலைக் கண்டாலே அலறும் மூன்று வயதுக்குட்பட்ட சிறுவன் ஒருவனிடம், அவன் விரும்பிய பண்டத்தை உண்ணும் வேளையில், கூண்டிலிருந்த முயலை எட்டத்தில் வைத்தார். அவன் கலங்காத தொலைவில் மட்டுமே வைத்தார். நாள்தோறும் சிறிது சிறிதாக நெருக்கிக் கொண்டுவந்தார். முடிவில் அச்சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான். அச்சத்தைத் திட்டிப் போக்க முடியாது, கட்டாயப்படுத்தியும் போக்க முடியாது. தாங்கக்கூடிய சிறு அளவில், இனிமையோடு சேர்த்துப் பழக்கினால் அது கரையும். நாய்க்கும் இதே வழிதான். நீங்கள் கற்பிக்கப்போகும் பாடம் ஒரே வரி: "போகிறவர்கள் திரும்பி வருவார்கள்."

நாள்தோறும் செய்ய வேண்டியவை

முதலாவது, புறப்படும் அடையாளங்களின் கூர்மையை மழுக்குங்கள். நீங்கள் சாவியை எடுத்ததும், வெளியே உடுத்தும் சேலையை மாற்றியதும், செருப்பை மாட்டியதும் நாய்க்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். ஆகவே நாளைக்குப் பலமுறை சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அரிசி பொறுக்குங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து செய்தித்தாள் படியுங்கள். சில நாட்களில் அந்த ஓசைகளுக்குப் பொருளற்றுப் போகும்.

இரண்டாவது, கதவை மூடிப் பழக்குங்கள். முதல் நாள் வெளியே சென்று கதவைச் சாத்தி, ஐந்து எண்ணுவதற்குள் திரும்பி வாருங்கள். நாய் அமைதியாக இருந்தால் பத்து எண்ணுங்கள். பிறகு அரை நிமிடம். பிறகு ஒரு நிமிடம். நாய் கலங்குவதற்கு முன் திரும்புவதே இதன் உயிர்நாடி. கலங்கிய பின் திரும்பினால் அப்பயிற்சி வீண். அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். ஏறுவரிசையாக மட்டும் கூட்டிக்கொண்டே போகாமல், மூன்று நிமிடத்துக்குப் பின் ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளையும் நேரத்தையும் நாயின் நிலையையும் மகள் எழுதி வரட்டும். முதல் அரைமணியை எட்டுவதுதான் கடினம். அதைக் கடந்த நாய்க்கு இரண்டு மணி நேரம் அவ்வளவு தொலைவில் இல்லை.

மூன்றாவது, போகும் வேளைக்கென்றே ஒரு நல்ல பண்டத்தை ஒதுக்குங்கள். 1970களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவர், கற்களைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்ட தம் நாய்க்கு, பழைய வண்டியொன்றிலிருந்து கழற்றிய கெட்டி ரப்பர்த் துண்டைப் போட்டாராம். நாய் கல்லை மறந்து ரப்பரைப் பற்றிக்கொண்டது. 'காங்' என்னும் உள்ளீடற்ற ரப்பர்ப் பொம்மை அதிலிருந்து பிறந்தது. அத்தகைய கெட்டி ரப்பர்ப் பொம்மை நம் நகரக் கடைகளிலும் கிடைக்கிறது. அதனுள் உப்பும் தாளிப்பும் இல்லாத தயிர்சோற்றை அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்து, புறப்படும்போது கொடுங்கள். நக்குவதும் மெல்லுவதும் நாயை அமைதிப்படுத்தும். அச்சம் மிகுந்த நாய் உணவைத் தொடாது. நீங்கள் திரும்பியபோது பொம்மை அப்படியே கிடந்தால், விட்டுச்சென்ற நேரம் அதன் பொறுமைக்கு மிஞ்சியது என்று தெரிந்துகொள்ளலாம்.

நான்காவது, கடிக்கத் தகுந்தது எது, தகாதது எது என்பதில் குழப்பம் வேண்டாம். பழைய செருப்பை விளையாடக் கொடுத்துவிட்டுப் புதிய செருப்பைத் தொட்டால் அடிப்பது நியாயமன்று. பழசு புதுசு அதற்குத் தெரியாது. செருப்பு, பை, தலையணை யாவும் எட்டாத அலமாரியில் இருக்கட்டும். வேகவைத்த எலும்பு கூராக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும், கொடுக்காதீர்கள். மாங்கொட்டை குடலை அடைத்துக்கொள்ளும். வெங்காயம் சேர்ந்த சாம்பார்ச் சோறும், பாயசத்து உலர்ந்த திராட்சையும், சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு.

ஐந்தாவது, புறப்படுவதற்கு முன் காலையில் அரைமணி நேரமாவது நடத்திச் செல்லுங்கள். வேகமாக இழுத்துச் செல்ல வேண்டாம். நின்று நின்று மோந்து பார்க்க விடுங்கள். மோப்பம் பிடிப்பது நாய்க்கு நாம் செய்தித்தாள் படிப்பது போன்றது. தார்ச்சாலை சுடும் பகல் வேளையையும், நெரிசல் மிகுந்த பௌர்ணமி இரவையும் தவிர்த்துவிடுங்கள்.

ஆறாவது, பயிற்சி முடியும் வரை, அது தாங்கும் அளவுக்கு மேல் தனியே விடாதிருக்க முயலுங்கள். இதுதான் கடினம் என்பதை அறிவோம். அக்கம்பக்கத்தில் பகலில் வீட்டிலிருக்கும் ஒரு பாட்டியார் சில வாரங்களுக்குப் பார்த்துக்கொள்வாரா? கணவர் மனைவி இருவரின் வேலை நேரத்தில் ஒரு மணி முன்பின் ஆக்க முடியுமா? ஞாயிறன்று இருவரும் வெவ்வேறு பூசைக்குச் சென்று, ஒருவர் வீட்டிலிருக்கலாகாதா? சில வாரங்களின் தொல்லை பல ஆண்டுகளின் நிம்மதிக்கு விலை.

செய்யத் தகாதவை

குளியலறையில் அடைத்துப் பூட்டாதீர்கள். கொல்லையில் சங்கிலியால் கட்டிவிட்டும் போகாதீர்கள். அஞ்சிய நாய் அடைபட்டால் கதவைப் பிறாண்டி நகம் பெயர்த்துக்கொள்ளும், பல்லை உடைத்துக்கொள்ளும். மேலும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி, எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் அளிக்காதிருப்பது குற்றம். அச்சட்டம் வரக் காரணமாயிருந்தவர் நம் கலாக்ஷேத்திரத்து ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். 1953இல் மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனி மசோதாவே அதற்கு வித்து. 1962இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே.

துணைக்கு இன்னொரு நாயை வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வர். அது உறுதியில்லை. உங்கள் நாய் தேடுவது உங்களை. மற்றொரு நாய் அருகிலிருந்தும் அழும் நாய்கள் உண்டு.

மருத்துவரிடம் செல்லுங்கள்

தெருவிலிருந்து வந்த நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே யாவற்றிலும் முந்தியது. வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை ஆகியவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். பல், வயிறு, தோல் ஆகியவற்றில் வலி ஏதேனும் உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை எந்த நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். அந்நோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது.

பயிற்சி மட்டும் போதாத அளவுக்கு அச்சம் முற்றியிருந்தால் மருந்தும் உண்டு. தனிமை அச்சத்துக்கென்று குளோமிப்ரமின், ஃபுளூவாக்ஸெட்டின் ஆகியவை பல நாடுகளில் நாய்களுக்குப் பயன்படுகின்றன. பின்னதற்கு அமெரிக்காவில் 2007இல் ஒப்புதல் கிடைத்தது. இவை மயக்கிக் கிடத்தும் மருந்துகள் அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பயிற்சியோடு சேர்ந்தே பயன் தரும். மருத்துவர் எழுதிக் கொடுத்தாலன்றி வீட்டிலுள்ள எந்த மாத்திரையையும் நாய்க்குக் கொடுக்கலாகாது. உள்ளூரில் தீராதவற்றுக்குச் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடலாம்.

தீபாவளியும் கார்த்திகைத் தீபமும் வரும் நாட்களில் வெடியோசை மிகும். அந்நாட்களில் நாயைத் தனியே விடாதீர்கள். உள்ளறையில் சன்னலை மூடி, மின்விசிறியையோ வானொலியையோ ஓடவிட்டு, யாரேனும் ஒருவர் அருகில் இருங்கள். அஞ்சி நடுங்கும்போது தடவிக் கொடுத்தால் அச்சம் வளரும் என்பது தவறான எண்ணம். நடுங்கும் குழந்தையை அணைத்தால் அதன் நடுக்கம் கூடுவதில்லையே!

விட்டுவிடலாமா?

இனி உங்கள் முதற்கேள்விக்கு வருவோம். எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவது கணக்கைச் சரிசெய்வது போலத் தோன்றும். ஆனால் மூன்று மாதத்தில் அந்த இடம் மாறிவிட்டது. அங்குள்ள நாய்கள் தம் எல்லையை வகுத்துக்கொண்டிருக்கும். திரும்பி வருவதை அவை அந்நியமாகவே கருதித் தாக்கும். வீட்டுச் சோற்றுக்குப் பழகிய நாய் மீண்டும் குப்பையைக் கிளறக் கற்பதற்குள் மெலிந்துவிடும். பசிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி காரணமின்றி ஒரு விலங்கைக் கைவிடுவதும் மேற்சொன்ன சட்டப்படி குற்றமே. எல்லாவற்றுக்கும் மேலாக, எதற்கு அஞ்சி அது நிலைக்காலைக் கடித்ததோ அந்த அச்சம் உண்மையென்று நாமே மெய்ப்பித்துவிடுவோம்.

எவ்வளவு முயன்றும் வைத்துக்கொள்ள இயலாத குடும்பச் சூழ்நிலை சிலருக்கு நேரலாம். அப்போதும் தெருவில் விடுவது வழியன்று. பகலில் ஆளிருக்கும் வேறொரு வீட்டைத் தேடி, குறையை மறைக்காமல் சொல்லி ஒப்படையுங்கள். "தனியே விட்டால் கடிக்கும், நாங்கள் இதுவரை பழக்கியது இவ்வளவு" என்று நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். தனித்து விடப்படாத வீட்டில் அதே நாய் ஒரு குறையுமின்றி வாழக்கூடும்.

உங்கள் மகளையும் மறக்க வேண்டாம். பெற்றோர் வாயால் சொல்லும் நீதிகளைவிட அவர்கள் செய்கையிலிருந்தே பிள்ளைகள் மிகுதியாகக் கற்கிறார்கள். வீட்டில் ஒன்று அஞ்சி நடுங்கித் தொல்லை கொடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவள் இந்த மாதம் கற்கப்போகிறாள். நாளை அவள் தம்பி பள்ளிக்கூடம் போக அஞ்சி அழுவான். என்றோ ஒருநாள் முதுமையில் நாமே இருட்டுக்கு அஞ்சிக் குரல் கொடுப்போம். அப்போது அவள் கை ஓங்குமா, தடவிக் கொடுக்குமா என்பது இப்போது அவள் காண்பதைப் பொறுத்தும் இருக்கிறது.

மாத முடிவு என்ற கெடுவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இத்தகைய பயிற்சி சில வாரங்களில் பலன் காட்டத் தொடங்கும். நிலைபெற மாதங்கள் ஆகலாம். நடுவில் ஒருநாள் செருப்பு மீண்டும் பிய்ந்து கிடக்கும். அதைத் தோல்வியென்று எண்ணாமல் மறுநாள் ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். இன்று மாலையே தொடங்கலாம். பொம்மையில் ஒரு கரண்டி தயிர்சோறு. மகள் கையில் நோட்டுப் புத்தகம். உங்கள் கணவர் கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே நின்று ஐந்து எண்ணட்டும். எண்ணி முடிந்ததும் கதவைத் திறக்கட்டும். திறக்கும் கையில் பிரம்பு மட்டும் வேண்டாம்.